மின்னுவதெல்லாம் பொன்னா? - தருக்கத் தேர்வுகளில் முக்கூற்று முடிபும் தமிழ்த் தொடரமைப்பும்

1. முன்னுரை

தருக்க அடிப்படையிலான திறனறி வினாக்கள் இன்று பல்வேறு தேர்வுகளில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளன. இந்திய வங்கிப் பணித் தேர்வுகளிலும் அரசுப் பணித் தேர்வுகளிலும் இவை இடம்பெறுகின்றன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் சேர்க்கைத் தேர்விலும் தருக்கத்திற்கெனத் தனிப்பகுதி உண்டு. மலேசியாவில் நான்காம் படிவக் கணிதப் பாடத்திட்டம் தருக்கத்தை ஓர் இயலாகவே வைத்துள்ளது. 'செமுவா' (எல்லா), 'செபிலாங்கான்' (சில) என்னும் அளவுச் சொற்களை மாணவர்கள் அவ்வியலில் கற்கின்றனர். 'எல்லா அ-வும் ஆ. இ ஓர் அ. ஆகவே இ ஓர் ஆ' என்பது அங்குக் கற்பிக்கப்பெறும் முதலாம் வாத வடிவமாகும்.

இவ்வகை வினாக்களில் மாணவர் தவறும்போது, அத்தவற்றை அறிவுக்குறைவின் அடையாளமாகக் கொள்வது பொதுவழக்கு. அவ்வழக்கை இக்கட்டுரை ஏற்கவில்லை. முக்கூற்று முடிபு வினாக்களில் நேரும் தவறுகளுள் பெரும்பகுதி தொடரைப் பொருள்கொள்ளும் முறையில் பிறப்பது என்பதும், அதனால் இவ்வினாக்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பணியில் மொழியாசிரியருக்கு முதன்மையான பங்குண்டு என்பதும் நமது கருத்துகளாகும். தமிழ் இலக்கண மரபும் மணிமேகலை காட்டும் அளவை மரபும் இப்பணிக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதையும் இங்குச் சுட்ட விழைகிறோம்.

2. முக்கூற்று முடிபின் அமைப்பு

இரண்டு கூற்றுகளை மெய்யெனக் கொண்டு, அவற்றிலிருந்து தவிர்க்கவியலாமல் பெறப்படும் மூன்றாம் கூற்றைக் காண்பதே முக்கூற்று முடிபு. ஆங்கில வழக்கைத் தழுவிச் 'சில்லோஜிசம்' என்றும் இதனைக் கூறுவர். முதலிரண்டையும் முற்கூற்றுகள் என்றும் மூன்றாவதை முடிபு என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இம்முறையை வரையறுத்தார். அவருடைய மரபில் கூற்றுகள் நால்வகைப்படும்.

(அ) முழு உடன்பாடு: எல்லாக் கவிஞர்களும் ஆசிரியர்கள்.
(ஆ) முழு எதிர்மறை: கவிஞர் எவரும் ஆசிரியர் அல்லர்.
(இ) பகுதி உடன்பாடு: கவிஞர் சிலர் ஆசிரியர்கள்.
(ஈ) பகுதி எதிர்மறை: கவிஞர் சிலர் ஆசிரியர் அல்லர்.

இந்நான்கு வகைக் கூற்றுகளையும் மூன்று பதங்களையும் கொண்டு அமைக்கத்தக்க வடிவங்கள் மொத்தம் 256. அவற்றுள் பழைய தருக்க மரபு 24 வடிவங்களையே முறையானவையாக ஏற்கிறது. 'எல்லா' என்று தொடங்கும் கூற்று, அப்பொருள் உலகில் உண்டு என்பதையும் உணர்த்துவதாகக் கொள்ளாத இக்காலத் தருக்கம் அத்தொகையை 15ஆகக் குறைக்கிறது. எவ்வாறு எண்ணினும் முறையானவை பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. பார்வைக்கு முறையானவைபோல் தோன்றி முறையற்றவையாய் நிற்கும் வடிவங்களே மிகுதி. தேர்வு வினாக்கள் அமைவது இவ்விடத்தில்தான்.

இரண்டு முற்கூற்றுகளிலும் இடம்பெற்று முடிபில் மறையும் பதம் நடுப்பதம் எனப்படும். மற்றைய இரு பதங்களையும் இணைத்து வைப்பது அதுவே. அவ்விணைப்பு உறுதியானதா என்று அறிவதே வினாவின் உயிர்நிலை.

3. மெய்ம்மையும் முறைமையும்

மாணவர் எதிர்கொள்ளும் முதல் இடர், கூற்றின் மெய்ம்மையையும் முடிபின் முறைமையையும் ஒன்றாக எண்ணுவது. பின்வரும் எடுத்துக்காட்டைக் காண்போம்.

எல்லாத் தென்னைகளும் மரங்கள்.
சில மரங்கள் உயரமானவை.
ஆகவே, சில தென்னைகள் உயரமானவை.

இம்முடிபு உலகியலில் மெய். ஆதலால் பலரும் இதனைச் சரியென்பர். ஆயின் முற்கூற்றுகளிலிருந்து இது பெறப்படவில்லை. உயரமானவை என்று சொல்லப்பட்ட 'சில மரங்கள்' முழுதும் தென்னையல்லாத வேறு மரங்களாக இருத்தல் கூடும். இதே வடிவத்தில் சொற்களை மட்டும் மாற்றினால் குறை வெளிப்படும். எல்லாப் பூனைகளும் விலங்குகள்; சில விலங்குகள் தும்பிக்கை உடையவை; ஆகவே சில பூனைகள் தும்பிக்கை உடையவை. இதனை எவரும் ஏற்கமாட்டார். இரண்டன் வடிவமும் ஒன்றே.

மேற்காட்டிய முதற்கூற்றே தமிழ் மரபில் வினாவுக்குரியது. தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அதன்படி தென்னை புல்லினத்தைச் சார்ந்தது. இவ்வுண்மையை அறிந்த மாணவர் முதற்கூற்றை மறுக்கக்கூடும். அம்மறுப்பு புலமைக்கு அழகு. ஆயினும் தேர்வுக்கு ஏற்றதன்று. 'கீழ்வரும் கூற்றுகளை மெய்யெனக் கொள்க' என்பது இவ்வகை வினாக்கள் அனைத்தின் அடியிலும் உள்ள ஒப்பந்தமாகும். எல்லா மீன்களும் பறப்பன. எல்லாச் சுறாக்களும் மீன்கள். ஆகவே எல்லாச் சுறாக்களும் பறப்பன. இம்முடிபு பொய்யாயினும் முறையானது.

இவ்விடர் தமிழ் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. இவான்சு, பார்சுடன், பொல்லார்டு என்னும் உளவியலாளர் மூவர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முறையற்றதாயினும் நம்பத்தக்கதாக இருந்த முடிபுகளை நூற்றுக்கு 71 விழுக்காடு அளவில் பங்கேற்பாளர் ஏற்றனர். முறையற்றதும் நம்பவியலாததுமான முடிபுகளை ஏற்ற அளவு 10 விழுக்காடே. அவர்கள் ஆராய்ந்தது பல்கலைக்கழக மாணவரை என்பது நோக்கத்தக்கது.

சோவியத்து உளவியலாளர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உசுபெகிசுதானில் நிகழ்த்திய ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. பனி சூழ்ந்த வடகோடியில் கரடிகள் எல்லாம் வெண்ணிறமானவை. குறிப்பிட்ட ஒரு தீவு வடகோடியில் உள்ளது. அங்குள்ள கரடிகளின் நிறம் யாது என்று எழுத்தறிவு பெறாத உழவரிடம் அவர் வினவினார். தாம் அங்குச் சென்றதில்லை என்றும், காணாததைப் பற்றிப் பேசுதல் தகாது என்றும் அவர்களுள் பலர் மறுமொழி கூறினர். குறுகிய காலம் பள்ளிக் கல்வி பெற்றவரோ தயக்கமின்றி விடை கூறினர். உழவர்கள் சிந்திக்கத் தெரியாதவர்கள் அல்லர். கண்டறியாததைச் சான்றாகக் கொள்ளாமை அவர்தம் வாழ்வில் அறிவுடைமையே ஆகும். சொல்லப்பட்டதை மட்டும் கொண்டு முடிபு காணுதல் பள்ளி கற்பிக்கும் ஒரு தனிப்பழக்கம் என்பதே இதனால் பெறப்படும் செய்தி. கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றைக் கற்பிக்காமல் விட்டுவிட்டுப் பின்னர் அதனைக் கொண்டு மாணவரின் அறிவை அளப்பது முறையாகாது.

4. தமிழ்த் தொடரில் எழும் சிக்கல்கள்

மெய்ம்மை, முறைமை ஆகியவற்றின் வேறுபாட்டை உணர்ந்த மாணவரும் தவறும் இடங்கள் உள்ளன. அவை தொடரமைப்பைச் சார்ந்தவை. அவற்றுள் நான்கை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

4.1 முற்றும்மையும் எதிர்மறையும்

'எல்லா மாணவரும் தேர்ச்சி பெறவில்லை' என்னும் தொடரை நோக்குவோம். ஒருவர்கூடத் தேர்ச்சி பெறவில்லை என்பது ஒரு பொருள். சிலர் பெற்றனர், சிலர் பெறவில்லை என்பது மற்றொரு பொருள். முதற்பொருள் முழு எதிர்மறை; இரண்டாவது பகுதி எதிர்மறை. தேர்வில் இவ்விரண்டும் வெவ்வேறு விடைகளைத் தரும்.

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்னும் பழமொழியும் இத்தகையதே. சொற்களை அப்படியே கொண்டால், மின்னும் பொருள் எதுவும் பொன் அன்று என்றாகும். அவ்வாறாயின் மின்னும் பொன்னே உலகில் இல்லை. நாம் அவ்வாறு பொருள்கொள்வதில்லை. மின்னுவனவற்றுள் சில பொன் அல்ல என்றே உணர்கிறோம். வழக்கு நமக்குத் துணைநிற்கிறது. தேர்வுத்தாளில் அறிமுகமற்ற சொற்களோடு இதே தொடரமைப்பு வரும்போது அத்துணை கிட்டுவதில்லை.

இச்சிக்கலை நம் இலக்கண நூலார் நன்கு அறிந்திருந்தனர். உம்மையின் பொருள்கள் எட்டனுள் முற்று என்பதும் ஒன்று. அம்முற்றும்மை சிலவிடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியர் விதித்தார். பவணந்தி முனிவரும் நன்னூலில் அதனை வழிமொழிந்தார். எதிர்மறை வினையோடு முற்றும்மை வரும் தொடர்களை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்பதும் பெறப்படும் என்பது அவர்கள் காட்டும் நெறி. முழுமையை மறுத்தால் எஞ்சுவது வெறுமை அன்று, பகுதி என்னும் தருக்க உண்மையை அவர்கள் சொல்லிலக்கணத்திலேயே கண்டுவைத்தனர். உம்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் ஒரு தருக்கப் பாடத்தையும் நடத்திவிடலாம்.

வினாத்தாள் எழுதுவோர்க்கு இதனால் ஒரு கடமை உண்டாகிறது. முழு எதிர்மறையைக் கூற 'மாணவர் எவரும் தேர்ச்சி பெறவில்லை' என்றும், பகுதி எதிர்மறையைக் கூற 'மாணவர் சிலர் தேர்ச்சி பெறவில்லை' என்றும் எழுதுதல் வேண்டும். மலாய் மொழியில் 'புக்கான் செமுவா' என்று மறுப்புச் சொல்லை அளவுச் சொல்லின் முன்னர் நிறுத்துவதால் ஐயம் நீங்குகிறது. தமிழில் மறுப்பு தொடரிறுதியில் நிற்பதால் 'எல்லாரும் அல்லர்', 'எவரும் அல்லர்' ஆகியவற்றின் வேறுபாட்டைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும்.

4.2 பிரிநிலை ஏகாரம்

'ஆசிரியர்களே கவிஞர்கள்' என்பதும் 'ஆசிரியர்கள் கவிஞர்களே' என்பதும் ஏகாரத்தின் இடத்தால் மட்டும் வேறுபடுகின்றன. முன்னதில் ஏகாரம் பிரிநிலை. ஆசிரியர் அல்லாத எவரும் கவிஞர் அல்லர் என்பது அதன் பொருள். அதனைச் சீர்செய்தால் 'எல்லாக் கவிஞர்களும் ஆசிரியர்கள்' என்று எழுவாய் பயனிலையாகவும் பயனிலை எழுவாயாகவும் மாறும். பின்னதில் ஏகாரம் தேற்றம்; 'ஆசிரியர்கள் கவிஞர்கள்' என்பதையே அது வலியுறுத்துகிறது. 'மட்டும்' என்னும் சொல்லும் இவ்வாறே திசையை மாற்றும். தொல்காப்பியர் கூறும் ஏகாரப் பொருள்கள் ஐந்தையும் மனப்பாடமாகக் கூறும் மாணவர், அவற்றுள் இரண்டன் வேறுபாடு ஒரு வினாவின் விடையையே மாற்றும் என்பதை அறிந்தால் இலக்கணத்தின் பயனை உணர்வர்.

4.3 'சில' என்னும் சொல்

உரையாடலில் 'சிலர் வந்தனர்' என்றால் எல்லாரும் வரவில்லை என்று கேட்போர் உய்த்துணர்வர். தருக்கத்தில் 'சில' என்பதற்குக் 'குறைந்தது ஒன்று' என்பதே பொருள். எல்லாமாகவும் இருக்கலாம் என்பதை அது விலக்குவதில்லை. ஆகவே 'சில தாள்கள் வெண்மையானவை' என்பதிலிருந்து 'சில தாள்கள் வெண்மையானவை அல்ல' என்று முடிபு கூறுதல் தவறு. அண்மை ஆண்டுகளில் இந்திய வங்கித் தேர்வுகளில் 'ஒரு சில மட்டுமே' என்னும் பொருளுடைய ஒரு தனி வாய்பாடு புகுந்துள்ளது. சில அவ்வாறானவை, சில அவ்வாறல்லாதவை என்னும் இரண்டையும் அது ஒருங்கே குறிக்கும். உரையாடல் 'சில'வுக்கும் தருக்கச் 'சில'வுக்கும் உள்ள இடைவெளியை இவ்வாய்பாடு தெளிவாகக் காட்டுகிறது.

4.4 கூற்றைத் திருப்புதல்

'எல்லா அ-வும் ஆ' என்பதை 'எல்லா ஆ-வும் அ' என்று திருப்பிக்கொள்வது மிகப் பரவலான பிழை. தமிழ் வழக்கு இப்பிழைக்கு ஒரு பெயரே வைத்துள்ளது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புபவர் என்கிறோம். பால் எல்லாம் வெண்மை என்பது சரி. வெண்மை எல்லாம் பால் என்பது அதிலிருந்து பெறப்படாது. முழு உடன்பாட்டைத் திருப்பினால் 'சில ஆ அ ஆகும்' என்பதே கிடைக்கும். முழு எதிர்மறையும் பகுதி உடன்பாடும் அப்படியே திரும்பும். பகுதி எதிர்மறை திரும்பவே திரும்பாது.

5. மணிமேகலை காட்டும் வழி

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதை, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நெறியை உரைப்பதாக அமைந்துள்ளது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகள் அங்குக் கூறப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். அங்குப் புகை உள்ளமை ஏது. அடுக்களையைக் காட்டுவது திட்டாந்தம். இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்பது பௌத்தர் கொள்கை.

அரிஸ்டாட்டிலின் முறைக்கும் இம்முறைக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. மலையின் புகை கண்கூடாக இருத்தல் வேண்டும்; புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு உலகில் நிலைபெற்றிருத்தல் வேண்டும். பொய்யான கூற்றை மெய்யெனக் கொண்டு வாதிக்க இந்நெறி இடந்தருவதில்லை. 'சுறாக்கள் பறப்பன' என்னும் முடிபை இம்மரபினர் வடிவம் பற்றிப் பாராட்டமாட்டார். மலேசிய நான்காம் படிவப் பாடத்திட்டத்தின் இன்றைய வடிவம் வாதத்தின் முறைமையை ஆராய்ந்தபின் அதன் மெய்ம்மையையும் தனியே ஆராயுமாறு மாணவரைப் பணிக்கிறது. வடிவம் சரியாக இருந்து முற்கூற்றுகளும் மெய்யாக இருந்தால்தான் வாதம் ஏற்புடையது என்று அது கொள்கிறது. அவ்விரண்டாம் ஆய்வு இந்திய அளவை நூலாருக்கு நெருக்கமானது.

இவ்வேறுபாட்டைக் கடந்து, தேர்வுக்கு நேரடியாகப் பயன்படும் கருவி ஒன்றும் அக்காதையில் உண்டு. ஏதுவுக்கு மூன்று இயல்புகள் வேண்டும். அது பக்கத்தில் இருத்தல் வேண்டும். சபக்கத்தில், அதாவது முடிக்கப்படும் தன்மை உள்ள பிற பொருள்களில், காணப்பட வேண்டும். விபக்கத்தில், அதாவது அத்தன்மை இல்லாத பொருள்களில், காணப்படாதிருத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவது மிக இன்றியமையாதது. நெருப்பில்லாத நீர்நிலையில் புகை எழுமாயின் புகையைக் கொண்டு நெருப்பை முடிபு செய்தல் இயலாது.

அக்காதை பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து எனக் குற்றங்களை வகுக்கிறது. ஏதுப்போலிகளுள் 'சாதாரணம்' என்பது நம் கவனத்திற்குரியது. ஏது சபக்கத்துக்கும் விபக்கத்துக்கும் பொதுவாக நிற்பதே அக்குற்றம். ஒலி நிலையற்றது, அறியப்படுவதால் என்று ஒருவர் வாதிப்பதாகக் கொள்வோம். நிலையற்ற குடமும் அறியப்படுகிறது. நிலையானதாகக் கருதப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. ஆதலால் அறியப்படுதல் எதையும் முடிக்கவில்லை.

இதனை மேலைத் தருக்கத்தின் 'நடுப்பதம் நிறைவுறாமை' என்னும் குற்றத்தோடு ஒப்பிடலாம். பால் வெண்மையானது, சுண்ணாம்பு நீர் வெண்மையானது, ஆகவே சுண்ணாம்பு நீர் பால் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. வெண்மை என்னும் நடுப்பதம் பாலுக்கும் பால் அல்லாதவற்றுக்கும் பொதுவாக நிற்கிறது. தேர்வில் தரப்படும் பிழையான முடிபுகளுள் பல இவ்வொரு குற்றத்தின் வேறுவேறு தோற்றங்களே.

6. வினாவைத் தீர்க்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, வகுப்பறையில் பின்பற்றத்தக்க படிகளாக அமைக்கலாம்.

முதற்படி, தொடரைச் சீர்செய்தல். ஒவ்வொரு கூற்றையும் பகுதி 2இல் காட்டிய நால்வகை வடிவங்களுள் ஒன்றாக மாற்றி எழுதுதல் வேண்டும். ஏகாரமும் 'மட்டும்' என்பதும் வருமிடங்களில் திசையை உறுதிசெய்தல் வேண்டும்.

இரண்டாம் படி, நடுப்பதத்தைக் காணுதல். நடுப்பதமே இல்லையெனில் அவ்விரு கூற்றுகளிலிருந்தும் முடிபு இல்லை.

மூன்றாம் படி, வட்டம் வரைதல். சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித அறிஞர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் இம்முறையை விளக்கினார். ஆங்கிலேயரான வென் 1880இல் அதனைச் செப்பமாக்கினார். 'எல்லா அ-வும் ஆ' எனின் அ வட்டம் ஆ வட்டத்தினுள் அமையும். 'அ எதுவும் ஆ அன்று' எனின் வட்டங்கள் தனித்து நிற்கும். 'சில' எனின் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி இடுதல் வேண்டும்.

நான்காம் படியே தலையாயது. அது முடிபை உடைக்க முயலுதல். மாணவர் பெரும்பாலும் முடிபுக்கு இசைந்த ஒரு படத்தை வரைந்தவுடன் நிறைவடைகின்றனர். முற்கூற்றுகள் இரண்டும் மெய்யாக இருக்க, முடிபு மட்டும் பொய்யாகும் படம் ஒன்றை வரைய இயலுமா என்று அவர்கள் தேடவேண்டும். அத்தகைய படம் ஒன்று கிடைத்தாலும் முடிபு வீழ்ந்தது. எவ்வாறு முயன்றும் கிடைக்கவில்லையாயின் முடிபு நிற்கும். விபக்கத்தில் ஏதுவைத் தேடிப்பார்க்கும் பழைய நெறியும் இதுவே.

ஒரு வினாவை இம்முறையில் தீர்த்துக் காண்போம்.

கூற்று 1: எல்லா நூலகங்களும் கட்டடங்கள்.
கூற்று 2: கட்டடம் எதுவும் வாகனம் அன்று.
கூற்று 3: சில வாகனங்கள் பேருந்துகள்.

முடிபு (அ): நூலகம் எதுவும் வாகனம் அன்று.
முடிபு (ஆ): சில பேருந்துகள் கட்டடங்கள் அல்ல.
முடிபு (இ): எல்லாப் பேருந்துகளும் வாகனங்கள்.
முடிபு (ஈ): சில பேருந்துகள் கட்டடங்கள்.

முடிபு (அ) முறையானது. நூலக வட்டம் கட்டட வட்டத்தினுள் அடங்கியுள்ளது; கட்டட வட்டம் வாகன வட்டத்தைத் தொடவில்லை. நடமாடும் நூலகத்தைக் கண்ட மாணவர் இதனை மறுக்க விழைவர். அவர் மறுப்பது முதற்கூற்றை. முடிபின் முறைமையை அன்று.

முடிபு (ஆ) முறையானது. மூன்றாம் கூற்றின்படி வாகனமும் பேருந்துமாகிய பொருள் குறைந்தது ஒன்று உண்டு. அது வாகனமாதலின் கட்டடம் ஆகாது. ஆகவே கட்டடம் அல்லாத பேருந்து குறைந்தது ஒன்று உண்டு.

முடிபு (இ) உலகியலில் ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் இங்குப் பெறப்படவில்லை. மூன்றாம் கூற்று 'சில' என்றே சொல்கிறது. பேருந்து வட்டத்தின் ஒரு பகுதி வாகன வட்டத்திற்கு வெளியே நிற்குமாறு வரையலாம். கைவிடத்தக்க முடிபுகளுள் மாணவரை மிகவும் ஈர்ப்பது இதுவே.

முடிபு (ஈ)யும் பெறப்படவில்லை. வாகன வட்டத்திற்கு வெளியே நிற்கும் பேருந்துப் பகுதி கட்டட வட்டத்தைத் தொடலாம், தொடாமலும் இருக்கலாம். 'இது நிகழக்கூடுமா' என்று கேட்கப்பட்டால் ஆம் என்பது விடை. 'இது உறுதியாகப் பெறப்படுமா' என்று கேட்கப்பட்டால் இல்லை என்பது விடை. வினாவின் வினைமுற்றைக் கூர்ந்து படியாதவர் இவ்விடத்தில் மதிப்பெண்ணை இழப்பர்.

விரைவாகச் சரிபார்க்கச் சில விதிகளும் உதவும். இரண்டு எதிர்மறைக் கூற்றுகளிலிருந்து முடிபு இல்லை. இரண்டு பகுதிக் கூற்றுகளிலிருந்தும் முடிபு இல்லை. முற்கூற்றுகளுள் ஒன்று எதிர்மறையாயின் முடிபும் எதிர்மறையே. ஒன்று பகுதியாயின் முடிபும் பகுதியே. இவ்விதிகளை முதலிற் கொடுத்து மனனம் செய்விப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. வட்டங்களை வரைந்து பழகிய மாணவர் இவற்றைத் தாமே கண்டுகொள்வர். தாமே கண்டது தேர்வறையில் மறவாது.

7. தமிழாசிரியர் பணி

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயிலும் மாணவர் அதன்பின் மலாய் பயிற்றுமொழியாக உள்ள இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். தருக்க இயலை அவர்கள் நான்காம் படிவத்தில், மற்றொரு மொழியில் சந்திக்கின்றனர். 'எல்லா', 'சில', 'எதுவும் அன்று' ஆகியவற்றின் எல்லைகளைத் தாய்மொழியில் தெளிந்திராத மாணவர்க்கு அங்கு இரட்டைச் சுமை உண்டாகிறது. சொல்லைப் புரிந்துகொள்வதா, முடிபைக் காண்பதா என்று அவர்கள் இடர்ப்படுகின்றனர். கணித ஆசிரியரோ இதனைக் கணக்கில் வலிமையின்மை என்று கருதிவிட நேர்கிறது.

இச்சுமையைக் குறைக்கப் புதிய பாடவேளை எதுவும் தேவையில்லை. தொடக்கப்பள்ளியிலேயே பழமொழி கற்பிக்கும்போது 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதை மாணவர் இருவகையில் விரித்தெழுதுமாறு செய்யலாம். கருத்துணர்தல் பகுதியில் 'பத்தியில் கூறப்பட்டது', 'நாம் முன்னரே அறிந்தது' என விடைகளை இரண்டாகப் பிரிக்கப் பழக்கலாம். இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் உம்மை, ஏகாரம் ஆகியவற்றைக் கற்பிக்கும்போது இணைத் தொடர்களைத் தந்து பொருள் வேறுபாட்டைச் சொல்லச் செய்யலாம். வாதக் கட்டுரைகளில் மாணவரே எழுதிய 'எல்லாரும்', 'எப்பொழுதும்' ஆகியவற்றை எடுத்து, அவற்றை உடைக்கும் ஓர் எடுத்துக்காட்டைத் தேடச் செய்யலாம்.

இப்பயிற்சியின் பயன் தேர்வோடு முடிவதில்லை. ஓர் இனத்தார் எல்லாரும் இத்தகையர் என்னும் பேச்சும், அவர்களுள் சிலரைக் கண்டு அனைவரையும் அளக்கும் வழக்கமும் பல்லினம் வாழும் நாட்டில் அன்றாடம் நம் செவியில் விழுவன. தமிழ் மாணவர் அப்பேச்சுக்கு இலக்காவதும் உண்டு. அதனைப் பேசுபவராவதும் உண்டு. 'சிலர்' என்பதிலிருந்து 'எல்லாரும்' என்பது பெறப்படாது என்று வட்டம் வரைந்து கண்டவர், அதனைக் கேட்கும்போது ஒரு கணமேனும் தயங்குவர் என்பது நமது நம்பிக்கை.

8. முடிவுரை

முக்கூற்று முடிபு வினாக்கள் மாணவரின் பிறவி அறிவை அளக்கும் கருவி அல்ல. கற்பிக்கத்தக்க ஒரு வாசிப்பு முறையையே அவை சோதிக்கின்றன. தொடரைச் சீர்செய்தல், மெய்ம்மையையும் முறைமையையும் பிரித்தறிதல், முடிபை உடைக்க முயலுதல் என்னும் மூன்றும் அவ்வாசிப்பின் கூறுகள். முதற்கூறுக்கு உம்மையும் ஏகாரமும் பற்றிய இலக்கணம் உதவும். மற்றவற்றுக்கு மணிமேகலையின் அளவைப் பகுதி வழிகாட்டும். இலக்கியத் தேர்வுக்கு அருமையான பகுதி என்று கருதிப் பலர் விலக்கிச் செல்லும் அக்காதையையும், மனப்பாடத்திற்கு மட்டும் உரியதாக ஒதுக்கப்பட்டுவிட்ட இடையியலையும் வட்டங்கள் வரைந்த கரும்பலகையின் அருகில் கொண்டுவந்து வைப்பது நம் வகுப்பறைகளில் இயலக்கூடியதே. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வினாத்தாளை ஒருங்கமர்ந்து படித்தால் அதற்குரிய தொடக்கம் அமையும்.